நோராத்தின் ஒரு பிரதியாவது நூலகத்துக்குப் போகட்டும்

ஆன்லைன் கற்பனை உலகங்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் விளையாட்டு நிறுவனங்களுக்கும், அவற்றின் சார்பில் பேசும் என்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷனுக்கும்,

2024 அக்டோபரில், அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரையை ஏற்று, காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் ஒரு கோரிக்கையை நிராகரித்தார். விற்பனையில் இல்லாத பழைய வீடியோ கேம்களை ஆய்வாளர்கள் நேரில் வராமலே, தொலைவிலிருந்து திறந்து பார்க்க நூலகங்கள் வழிசெய்யலாம் என்று அனுமதி கேட்ட கோரிக்கை அது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படிக் கேட்க முடியும். எதிர்த்து வாதாடியவர்கள் நீங்கள். எந்தக் கட்டுப்பாடுகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் உங்கள் உறுப்பினர்கள் இப்போதைக்கு அதை ஆதரிக்க மாட்டார்கள் என்று அந்த ஆண்டு நடந்த விசாரணையில் உங்கள் வழக்கறிஞர் சொன்னார். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-லேயே ஆய்வு வெளியிட்டிருந்தது. அது தெரிந்தும்தான் இந்த நிலையை எடுத்தீர்கள்.

பெட்டியில் வந்த விளையாட்டுகளுக்காவது ஒரு நம்பிக்கை உண்டு. யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் குறுந்தட்டு இருக்கும். நான் எழுதுவது அதைவிட மோசமான நிலையில் இருப்பவற்றைப் பற்றி. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வாழ்ந்த ஆன்லைன் உலகங்களைப் பற்றி. அவற்றில் குறுந்தட்டு பாதிதான். நிலப்பரப்பு, உருவங்கள், ஒலி எல்லாம் என் கணினியில் இருந்தன. எந்த அரக்கன் எந்த இடத்தில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வருவான், அவனிடம் என்ன கிடைக்கும், காவலாளியிடம் எதைக் கேட்டால் என்ன பதில் சொல்வான், யார் கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் சர்வரில் இருந்தன. அதை நீங்கள் அணைத்த பிறகு என்னிடம் மிஞ்சுவது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் ஒரு திரை.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துச் சொல்கிறேன்.

எவர்க்வெஸ்ட் என்ற ஆன்லைன் விளையாட்டு 1999 மார்ச் 16 அன்று வெளிவந்தது. சான் டியேகோவில் ஜான் ஸ்மெட்லி தொடங்கிவைத்த திட்டம். பிராட் மெக்வெய்ட், ஸ்டீவ் க்ளோவர், பில் ட்ராஸ்ட் ஆகியோர் வடிவமைத்த உலகத்தின் பெயர் நோராத். அதற்கு முன் 1996-ல் மெரிடியன் 59 வந்துவிட்டது, 1997-ல் அல்டிமா ஆன்லைன் வந்துவிட்டது. ஆனால் முழு முப்பரிமாண உலகத்துக்குள், உங்கள் கண் மட்டத்தில், அந்நியர்களோடு நடந்துபோகிற அனுபவத்தைப் பெருங்கூட்டத்துக்குக் கொண்டுவந்தது எவர்க்வெஸ்ட்தான். மாதச் சந்தா 9.89 டாலர். சில ஆண்டுகளில் சந்தாதாரர்கள் நான்கு லட்சத்தைத் தாண்டினார்கள்.

நான் 2000-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்தேன். உதவித்தொகையில் வாழும் மாணவனுக்கு அந்தச் சந்தா சின்னத் தொகை இல்லை. ஆனாலும் கட்டினேன். அந்த ஊரில் நான் பேசிப் பழகிய முதல் அமெரிக்கர்கள் பலரை நோராத்தில்தான் சந்தித்தேன்.

அந்த உலகம் கருணை இல்லாதது. செத்தால் உங்கள் பொருளெல்லாம் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு வேறெங்கோ எழுந்து, உங்களைக் கொன்றதே சுற்றிக்கொண்டிருக்கும் இடத்துக்குத் திரும்ப ஓட வேண்டும். சேர்த்த அனுபவப் புள்ளிகளும் குறையும், சில நேரம் ஒரு லெவலே இறங்கிவிடும். கினோஸ் நகரத்திலிருந்து ஃப்ரீபோர்ட் போவதென்றால் கரானா சமவெளிகளைக் கடந்து, ஹைபாஸ் கணவாய் ஏறி, கித்திகோர் காட்டைத் தாண்ட வேண்டும். பகலில் அமைதியான காடு. இருட்டினால் அங்கே பிணங்கள் நடமாடும், சின்ன லெவல் ஆட்கள் உயிரோடு வெளியே வர மாட்டார்கள். அதனால் காட்டின் ஓரத்தில் முன்பின் தெரியாதவர்கள் கூட்டமாக உட்கார்ந்து விடியலுக்காகக் காத்திருப்பார்கள். நானும் அப்படிக் காத்திருந்திருக்கிறேன். வேகமாக ஓடும் மந்திரத்தை ட்ரூயிட் என்ற மந்திரவாதி வகை ஆட்டக்காரர் ஒருவர், நான் கேட்காமலே என்மீது போட்டுவிட்டுப் போவார். பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்.

கிழக்கு காமன்லாண்ட்ஸில் ஒரு சுரங்கப்பாதை இருந்தது. நீங்கள் யாரும் அதைச் சந்தையாகக் கட்டவில்லை. ஆட்களாகவே அங்கே கூடி, கூவி விற்று, பேரம் பேசிச் சந்தையாக்கினார்கள். ஒரே உலகத்தின் தனித்தனிப் பிரதிகளாக ஓடிய பல சர்வர்களில் அதே சுரங்கம்தான் சந்தை. 2001 டிசம்பரில் வந்த விரிவாக்கம், அதாவது புதிய பகுதிகளைச் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு, பஸார் என்றொரு இடத்தைத் திறந்தது, விற்பனையை இயந்திரமே பார்த்துக்கொண்டது, சுரங்கம் காலியானது. மறு ஆண்டு வந்த விரிவாக்கத்தில் ஒரு புத்தகத்தைத் தொட்டால் ஊர்விட்டு ஊர் போகலாம் என்றாகிவிட்டது. கப்பலுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்தவர்களும் போனார்கள், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஊருக்கு ஊர் அனுப்பிய மந்திரவாதிகளின் தொழிலும் போனது. நிறுவனம் வசதியைக் கூட்டியதில் தப்பில்லை. ஆனால் இது ஒரு பொருளாதாரம் மாறிய கதை, ஒரு சமூகம் பழக்கத்தை மாற்றிக்கொண்ட கதை. இதைப் படிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பொருளாதாரப் பேராசிரியர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001 டிசம்பரில் நோராத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். விளையாட்டுக்குள் சேர்க்கும் பொருட்கள் வெளியே எவ்வளவு டாலருக்கு விற்கின்றன என்று பார்த்து, நோராத்தின் தலா உற்பத்தி ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடையில் இருக்கிறது என்று கணக்கிட்டார். அதன் நாணயம் அன்றைய ஜப்பானிய யென்னையும் இத்தாலிய லிராவையும்விட மதிப்புக் கூடியதாக இருந்தது. ஒரு விளையாட்டை நாடாக வைத்து ஆராயலாம் என்பதைப் பலரும் ஏற்கத் தொடங்கியது அங்கிருந்துதான். நிக் யீ என்ற ஆய்வாளர் அதே ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான எவர்க்வெஸ்ட் ஆட்டக்காரர்களிடம் கேள்விகள் கேட்டு, அவர்கள் ஏன் விளையாடுகிறார்கள், யாரோடு நட்பாகிறார்கள், எதை இழக்கிறார்கள் என்றெல்லாம் தொகுத்தார். அடிமையாகிப் போனவர்கள் இருந்தார்கள், குடும்பத்தை மறந்தவர்கள் இருந்தார்கள். அதுவும் இந்த வரலாற்றில் அடங்கும். அதைச் சரியாக எழுதவும் அந்த உலகம் எப்படி இயங்கியது என்று பார்த்தாக வேண்டும்.

அப்புறம் கெராஃபிர்ம். 2000 டிசம்பரில் வந்த விரிவாக்கத்தில், நான்கு காவல் டிராகன்களின் பாதுகாப்பில் தூங்கும் ஒரு பெரும் டிராகன். நான்கு காவலரையும் கொன்றால் அது எழும், வழியில் உள்ளவர்களை அழித்துக்கொண்டு போகும், பிறகு அந்த சர்வரில் ஒருபோதும் திரும்பி வராது. ஒரு சர்வருக்கு ஒரே ஒருமுறை நடக்கிற சம்பவம். அதைக் கொல்ல முடியாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2003 நவம்பரில் ராலோஸ் ஸெக் சர்வரில், வழக்கமாக ஒருவரையொருவர் வேட்டையாடும் குழுக்கள் பகையை ஒதுக்கி வைத்து, ஏறத்தாழ 200 பேராகச் சேர்ந்து மணிக்கணக்கில் போரிட்டார்கள். பாதிக்கு மேல் வீழ்த்திவிட்ட நேரத்தில் நிறுவனத் தரப்பிலிருந்து டிராகனை மறைத்துவிட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுவாய்ப்புக் கொடுத்தது. நவம்பர் 17 அன்று கெராஃபிர்ம் வீழ்ந்தது. தவறை ஒப்புக்கொண்டு ஆட்டக்காரர்களுக்கு அவர்களின் வரலாற்றைத் திருப்பிக் கொடுக்க உங்கள் துறையால் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டிலிருந்து கிளைத்தவற்றை நீங்களே நன்றாக அறிவீர்கள். பிளிஸார்ட் நிறுவனத்தில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வடிவமைத்த ராப் பார்டோவும் ஜெஃப் கப்லானும் எவர்க்வெஸ்டில் ரெய்டு, அதாவது பெரிய எதிரியைக் கூட்டமாகத் தாக்குவது, செய்யும் பெரிய குழுவில் இருந்தவர்கள். எங்கே வலித்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் செத்தாலும் பொருள் போகாது, தனியாகவும் விளையாடலாம், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதை ஆச்சரியக்குறி காட்டும் என்று மாற்றினார்கள். 2004 நவம்பரில் வெளிவந்த அந்த விளையாட்டு 2010-ல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்களைத் தொட்டது. 2005 செப்டம்பரில் அதற்குள் ஒரு ரெய்டில் வந்த சாபம் வெளியே கசிந்து ஊர் ஊராகத் தொற்றியபோது, தொற்றுநோய் ஆய்வாளர்கள் மருத்துவ இதழ்களில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். குழுவாகச் சேர்ந்து, ஒருவர் அடி வாங்க, ஒருவர் குணப்படுத்த, மற்றவர்கள் தாக்குவது என்று இன்று நிறைய விளையாட்டுகளில் இருக்கும் அமைப்பைப் பரவலாக்கியது எவர்க்வெஸ்ட்.

இன்னும் பின்னால் போனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. எவர்க்வெஸ்டுக்கு வழிகாட்டியாக இருந்தவற்றில் ஒன்று டிகுமட். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் 1990 வாக்கில் எழுதிய, வெறும் எழுத்தால் ஆன விளையாட்டு. மூலநிரலை அவர்கள் வெளியிட்டார்கள். அதனால் விருப்பமுள்ள ஒரு மாணவி இன்று மாலையே தன் மடிக்கணினியில் அதை ஓட்டிப் பார்க்கலாம். அதற்குப் பிறகு வந்த, அதைவிடப் பல மடங்கு பேர் விளையாடிய, பல மடங்கு செலவில் உருவான எவர்க்வெஸ்டின் 1999 வடிவத்தை அவளால் அப்படிப் பார்க்க முடியாது.

எவர்க்வெஸ்ட் இன்றும் ஓடுகிறதே என்பீர்கள். ஆம், 2024-ல் அதற்கு 25 வயது முடிந்தது, அதைத் தொடர்ந்து நடத்துபவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒவ்வொரு விரிவாக்கமும் பழையதன் மேலேயே எழுதப்பட்டது. நான் நடந்த ஃப்ரீபோர்ட் இன்றைய ஃப்ரீபோர்ட் இல்லை. மேக் கணினிகளுக்கென இருந்த அல்'கபோர் சர்வர், 2002-ன் உலகத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருந்தது. 2013 நவம்பரில் அது மூடப்பட்டது. பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த எவர்க்வெஸ்ட் ஆன்லைன் அட்வென்சர்ஸ் 2012 மார்ச்சில் நின்றது. 1999-லேயே வந்து எவர்க்வெஸ்டோடு போட்டியிட்ட ஆஷரன்ஸ் கால் 2017 ஜனவரி 31 அன்று போனது.

என் சொந்த இழப்பு எவர்க்வெஸ்டில் நடந்ததில்லை. எங்கள் குழு பிறகு இன்னொரு கற்பனை உலகத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த விளையாட்டின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அவர்கள் செய்தது உங்களில் பலர் செய்வதுதான். எங்கள் குழுவில் காயத்தை ஆற்றும் கிளெரிக்காக இருந்தவர் ஒஹாயோவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற செவிலியர். எனக்கு வாடகை ஒப்பந்தம் படிக்கக் கற்றுக்கொடுத்தவர், பனிக்கால சாலையில் எப்படிக் கார் ஓட்டுவது என்று எழுதிக் காட்டியவர். நேரில் பார்த்ததே இல்லை. அவர் இறந்தபோது நாங்கள் குழுவின் மண்டபத்தில் கூடினோம். அங்கிருந்த அறிவிப்புப் பலகையில் அவர் பல ஆண்டுகளாக எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒவ்வொருவரும் எழுதினோம். அவர் மகளும் ஒரு கணக்குத் தொடங்கி உள்ளே வந்து, அம்மா எழுதியதையெல்லாம் நின்று படித்தார்.

பிறகு ஒருநாள் மூடல் அறிவிப்பு வந்தது. ஒரு மாதம்கூட அவகாசமில்லை. அந்தப் பலகையின் எழுத்துகளை மட்டுமாவது ஒரு கோப்பாகக் கொடுங்கள் என்று கேட்டு எழுதினேன். மகளும் எழுதினார். எங்கள் இருவருக்கும் ஒரே வாசகத்தில் பதில் வந்தது. இத்தனை ஆண்டு ஆதரவுக்கு நன்றி, புதிய விளையாட்டில் சந்திப்போம் என்று. சர்வரின் பிரதியை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. நூலகர் ஆர்வமாகத்தான் இருந்தார். நிறுவனம் கொடுத்தால் சட்டப்படி வாங்கி வைக்கலாம், கொடுக்காவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். என்னிடம் இன்று இருப்பவை சில ஸ்கிரீன்ஷாட்டுகள். பலகையில் உள்ள எழுத்து பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை.

நூலகர் சொன்னது சரி. 2018-ல் ஓக்லாந்தின் மியூசியம் ஆஃப் ஆர்ட் அண்ட் டிஜிட்டல் என்டர்டெயின்மென்ட் எடுத்த முயற்சிக்குப் பிறகு, நூலகங்களும் அருங்காட்சியகங்களும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தங்கள் வளாகத்துக்குள் மீண்டும் இயக்கச் சட்டம் வழிவிட்டது. முக்கியமான நிபந்தனை, சர்வர் நிரலும் அவர்களிடம் முறைப்படி வந்திருக்க வேண்டும். அந்த நிரல் உங்களிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே இந்தக் கதவைத் திறக்க நாடாளுமன்றமோ நீதிமன்றமோ தேவையில்லை, நீங்கள் மனசு வைத்தால் போதும்.

உங்கள் தயக்கங்கள் எல்லாமே பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆட்டக்காரர்களின் தனிப்பட்ட உரையாடல், பணம் செலுத்திய விவரம் எல்லாம் சர்வரில் கலந்து கிடக்கும், அதை அப்படியே கொடுக்கக் கூடாது. அதே நிரலின் புதிய வடிவம் இன்னொரு விளையாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் பாதுகாப்புச் சிக்கல் வரலாம். வேறு நிறுவனத்திடம் உரிமம் வாங்கிய பாகங்கள் இருக்கும். சரி, இவை உண்மையான வேலைகள். ஆனால் செய்யக்கூடிய வேலைகள். பழையது வெளியே வந்தால் வியாபாரம் கெடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் உங்கள் துறையின் அனுபவமே வேறு மாதிரி சொல்கிறது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டின் 2007 ஆகஸ்ட் பிரதி ஒன்று சேமிப்பில் இருந்ததால் 2013-ல் அதைப் பழையபடி திறந்தார்கள். அது அந்த நிறுவனத்தின் பெரிய பலமாக இன்றும் ஓடுகிறது. பழைய வார்கிராஃப்டைத் தன்னார்வலர்கள் நடத்திய நோஸ்டால்ரியஸ் சர்வரை 2016-ல் மூடவைத்த பிளிஸார்ட், 2019-ல் அந்தப் பழைய வடிவத்தைத் தானே வெளியிட்டது. எவர்க்வெஸ்டின் 1999 உலகத்தை ரசிகர்கள் மீட்டெடுக்க முயன்ற புராஜெக்ட் 1999-க்கு, 2015-ல் எவர்க்வெஸ்டை நடத்திய டேபிரேக் நிறுவனம் எழுத்துமூலமாகவே இசைவு கொடுத்தது. தென்கொரியாவில் நெக்ஸான் நிறுவனம் தன் 1996-ம் ஆண்டு விளையாட்டின் முதல் வடிவத்தை ஜேஜு தீவில் உள்ள தன் கணினி அருங்காட்சியகத்தின் வழியாக 2014-ல் மீட்டுக் கொடுத்தது.

புராஜெக்ட் 1999 போன்றவற்றை வைத்து, ரசிகர்களே பார்த்துக்கொள்கிறார்களே என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் செய்வது நினைவிலிருந்தும், பழைய குறிப்புகளிலிருந்தும், வலையமைப்பில் போன தரவுகளின் பதிவுகளிலிருந்தும் ஊகித்துத் திரும்பக் கட்டுவது. ஒரு டிராகனுக்கு எவ்வளவு உயிர் என்பதற்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடக்கும். அந்த எண் உங்கள் பழைய தரவுச் சேமிப்பு நாடாவில் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கலாம். நாடாவுக்கும் ஆயுள் உண்டு. அதை எழுதியவர்களுக்கும் உண்டு. பிராட் மெக்வெய்ட் 2019-ல் காலமானார்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், அந்த உலகங்களில் தமிழர்களாகிய நாங்களும் வாழ்ந்தோம், இந்தக் கோரிக்கையில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஆங்கில வடிவத்தைத் தனியாக அனுப்புகிறேன். கேட்பவை இவை.

மூடப்பட்ட ஒவ்வொரு ஆன்லைன் உலகத்தின் சர்வர் நிரலும் தரவும் உங்களிடம் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், அதுவும் தெரிய வேண்டிய செய்திதான். இருப்பவற்றில் தனிப்பட்ட விவரங்களை நீக்கிவிட்டு, ஒரு பிரதியை காங்கிரஸ் நூலகத்திலோ, ஓக்லாந்து போன்ற ஓர் அருங்காட்சியகத்திலோ, பல்கலைக்கழக நூலகத்திலோ ஒப்படையுங்கள். 2018-ன் விதியின் முக்கியமான நிபந்தனை அதோடு நிறைவேறிவிடும். பொதுமக்களுக்கு உடனே திறந்துவிடச் சொல்லவில்லை. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உலகங்களில், ஒவ்வொரு பெரிய விரிவாக்கத்துக்கும் முன்பு இருந்த நிலையைத் தனியாக எடுத்து வையுங்கள். எவர்க்வெஸ்டை வைத்திருப்பவர்கள் இதை இந்த ஆண்டே தொடங்க முடியும்.

இனி மூடும்போது குறைந்தது ஆறு மாத அவகாசம் கொடுங்கள். ஒவ்வொருவரும் தம் கேரக்டரின் விவரங்களையும், தம் குழு எழுதிவைத்தவற்றையும் எடுத்துக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். இறந்தவர்களின் குடும்பம் கேட்டால் மனிதர் ஒருவர் பதில் எழுதட்டும். புதிதாகத் தொடங்கும் விளையாட்டுகளில், வெளியிலிருந்து வாங்கும் பாகங்களின் ஒப்பந்தத்திலேயே நூலகத்துக்குக் கொடுக்கும் உரிமையையும் எழுதி வாங்குங்கள்.

என்டர்டெயின்மென்ட் சாஃப்ட்வேர் அசோசியேஷனுக்கு ஒன்று. அடுத்த சுற்று 2027-ல் முடிவாகும். தொலைவிலிருந்து ஆய்வு செய்வதற்கு எந்த நிபந்தனைகளில் ஒப்புவீர்கள் என்பதை அதற்கு முன் எழுத்தில் வெளியிடுங்கள். ஒருவர் ஒரு நேரத்தில் மட்டும் என்றாலும் சரி, பல்கலைக்கழக அடையாளம் வேண்டும் என்றாலும் சரி, நூலகர் மேற்பார்வையில் என்றாலும் சரி, பேசலாம். எதுவுமே வேண்டாம் என்ற பதிலோடு மட்டும் மறுபடி அந்த அறைக்குள் வராதீர்கள்.

இப்படிக்கு,
2000 முதல் நோராத்தில் வாழ்ந்த ஒருவன்